சிவப்பு வடிதாள்

வடிதாளில் சிவப்பு மட்டுமே நின்றது.

அவள் அதைக் காய வைக்கவில்லை, எடை போடவும் இல்லை. நிறம் ஈரத்திலேயே தெரிந்தது.

மலையிலிருந்து இந்த ஆறு இரண்டு கிளையாக இறங்குகிறது. இடக்கிளை செம்மண்ணை அள்ளி வரும். வலக்கிளை சுண்ணாம்புப் பாறைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, சாம்பல் நிற வண்டலையும், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த சுண்ணாம்பையும் கொண்டு வரும். பாலத்துக்கு மேலேயே இரண்டும் கலந்துவிடும். தினமும் பாலத்திலிருந்து புட்டியை இறக்கி, அடியிலிருந்து மேல்மட்டம்வரை ஒரே சீராக இழுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வடிகட்டுவது அவள் வேலை. தாளில் எப்போதும் பழுப்புதான் நிற்கும்.

இன்று சாம்பலைக் காணோம். கரைந்த சுண்ணாம்பும் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மலையில் விடிந்ததிலிருந்து அடைமழை. ஆறோ ஒன்றரை அடி இறங்கியிருந்தது.

வலக்கிளை வரவில்லை.

வராத தண்ணீர் எங்கோ ஒரு மண்சரிவுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கிறது. உடைத்துக்கொண்டு வந்தால் முதலில் போவது கரைத்தெரு.

தொலைபேசியில் பொறியாளர் சிரித்தார்.

"மறுபடியும் புலி வருதாம்மா? நாலு மணிக்கு நானே வந்து பாக்குறேன். அதுவரைக்கும் அந்தச் சங்குல கை வைக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

போன வருஷமும் தாள் இப்படித்தான் சிவந்தது. அபாயச் சங்கை ஊதினாள். தெருவே மூட்டை முடிச்சோடு மேடேறியது. கடைசியில் பார்த்தால், வலக்கிளையில் ஏதோ பழுது பார்க்க மதகை மூடியிருந்தார்கள். அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் சங்கக்கா.

இந்த முறை மதகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டாள். மதகு திறந்தே இருந்தது.

கைப்பையிலிருந்து இன்னொரு வடிதாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே சிவப்பு.

எழுந்து போய்ச் சங்கின் பொத்தானை அழுத்தினாள்.

ஜன்னலுக்குக் கீழே கரைத்தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி அண்ணாந்து கத்தினாள்.

"சங்கக்கா, இன்னைக்கும் தண்ணி வரலேன்னா உன்னையத் தூக்கி ஆத்துல போட்டுருவோம், பாத்துக்க!"

திட்டிக்கொண்டேதான் ஏறினார்கள். ஏறினால் போதும்.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. கடைசி வீட்டுப் பூட்டு விழுந்து, அந்த வீட்டுக்காரர் மேட்டுக்கு வந்து சேரும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பிறகு மேசைக்குத் திரும்பி, பையிலிருந்து எடுத்த தாளைப் புரட்டினாள்.

அது போன வருஷத்துத் தாள் அல்ல. பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், இதே மேசையில், இதே வேலையில் இருந்தபோது எழுதியது.

'அனுமதி கேட்டிருக்கிறேன். நாலு மணிக்கு வருகிறார்களாம். காத்திருக்கிறேன்.'

அன்று கரைத்தெரு வீட்டில் அம்மாவும் தம்பியும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அவள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

இன்றைய தாள் பாதி காய்ந்திருந்தது. கிழியாமல் புரட்டிப் போட்டு, பென்சிலை எடுத்தாள்.

'அனுமதி கிடைக்கவில்லை. ஊதிவிட்டேன்.'