குவைத் ஷீட்டு

தபிதா சூடான பிஸ்கட்டைக் கத்தியால் சதுரம் சதுரமாக அறுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஜெயகுமாரி கடையிலிருந்து திரும்பி வந்தாள்.

கையிலிருந்த மைதாப் பை தரையில் விழுந்து வெடித்தது.

"ஷீட்டு மேல கத்தி வெக்கிறியாடி?"

தபிதா வாய் திறப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. கத்தி தெறித்து அடுப்புக்குப் பின்னால் போனது.

ஓவன் தட்டில் விரிக்கிற சிலிக்கோன் ஷீட்டு அது. மூன்று மாதத்துக்கு முன் குவைத்தில் வீட்டு வேலையை விட்டுவிட்டுச் சத்தியவேட்டுக்கு வந்தபோது, ஜெயகுமாரி பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. தடிமனானது. உள்ளே கண்ணாடி நூல் வலை வைத்தது; கத்தி பட்டால் வலை அறுந்து வீணாகிவிடும். இத்தனை நாளில் அவள் அதை ஒருமுறைகூட விரித்ததில்லை.

தபிதாவிடம் இருந்தது சென்னையில் பிளாட்பாரத்தில் வாங்கிய மலிவு ஷீட்டு. காலையில் ஓவன் சூடேறியதுமே புகைந்தது. ஒரு தட்டுப் பிஸ்கட் முழுக்க டயர் எரிந்த நாற்றம். ஸ்ரீசிட்டி கம்பெனிப் பெண்கள் விடுதிக்கான கிறிஸ்துமஸ் ஆர்டர் நாலு மணிக்குள் போயாக வேண்டும். அக்கா வீட்டில் இல்லை. தபிதா பெட்டியைத் திறந்துவிட்டாள்.

குவைத் ஷீட்டில் பிஸ்கட் ஓரம் கருகாமல், அடி ஒட்டாமல் வந்திருந்தது. அக்கா வந்ததும் முதல் துண்டை அவள் வாயில் வைக்க வேண்டும் என்றுதான் அவசரமாக அறுத்தாள்.

"அந்த ஷீட்டு பொகையுதுக்கா, நான் இன்னா பண்ணட்டும்?"

ஜெயகுமாரி தங்கையின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். தபிதா அவள் தோளைக் கடித்தாள். அக்கா பிடியை விடவில்லை. இருவரும் மைதாவில் வழுக்கி விழுந்து எழுந்தார்கள்.

தங்கையின் மணிக்கட்டை முறுக்கி இழுத்துக்கொண்டு போய், ஓவன் கதவைத் திறந்து, உள்ளே இருந்த கம்பித் தட்டின்மேல் அவள் முன்கையை வைத்து அழுத்தினாள் ஜெயகுமாரி.

அழுத்திக்கொண்டே கத்தினாள். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. தபிதாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

தபிதாவின் அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அப்போதுதான் அக்காவின் கை விட்டது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் இரண்டடி பின்வாங்கினாள். பிறகு பாய்ந்து வந்து, தங்கையின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தாள்.

வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். வெளியே சரக்கு ஏற்ற வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. இருவரும் அசையவில்லை.

"ஐஸ் வெக்காத. தேங்காண்ணெ தடவாத," என்றாள் ஜெயகுமாரி. குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கு நீர் கோத்துக்கும், ஒடச்சிடாத. பத்தாம் நாளு தோலு உரியும். அதுக்கப்புறம் தூங்கலாம்."

தபிதா அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள்.

"உனுக்கு எப்டிக்கா தெரியும்?"

ஊருக்கு வந்த நாளிலிருந்து ஜெயகுமாரி முழுக்கை நைட்டியைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. ஈரமான இடது கைத் துணியை இப்போது முழங்கைக்கு மேல் சுருட்டினாள். வரிவரியாக நான்கு தழும்புகள்.

"இந்த ஷீட்டு மேலதான் கேக்கு வெச்சி அறுத்துக்கினு இருந்தேன். மேடம் பாத்துட்டாங்க."