செம்புத் தகட்டில் மீன்தலையர்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஓவியர் குண்டோல்ஃப் செம்புத் தகட்டில் செதுக்கிய விசித்திரங்களுக்கெல்லாம் அச்சு இயந்திரச் சக்கரத்தைச் சுற்றியவன் நான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மீன்தலை மனிதர்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வேண்டிய பிரதிகளை எடுத்தாயிற்று. இனி யாரும் அச்சடிக்காதபடி தகட்டின் குறுக்கே கீறி, அதற்குச் சாட்சியாக ஒரு பிரதி எடுப்பது எங்கள் தொழில் வழக்கம். குண்டோல்ஃபுக்குக் கை வரவில்லை.

"இவன் கழுத்துல எப்படிடா கோடு போடுவேன்? என் புள்ள மாதிரி."

"உங்க புள்ளைக்குச் செதில் இருக்கா? கீறுங்கண்ணே."

கண்ணை மூடிக்கொண்டு கீறினார். பிரதி எடுத்தோம். கீறல் சுத்தமாக விழுந்திருந்தது. ஆனால் படத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

மாடியிலிருந்து அவர் மனைவி ரோஸ்விதா கத்தினார்: "விருந்தாளி வர்றார்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாவம், உடம்பெல்லாம் மை!"

குண்டோல்ஃப் அண்ணாந்து கேட்டார்: "கழுத்துல காயம் ஏதும் இருக்கா?"