எமகண்டத்தில் மோதியது

பட்டுப்புடவை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிந்துஜா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வேனிலேயே இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் முடிந்த பிறகுதான் வாசல்படி ஏறுவார்களாம்.

அவளுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. விண்கலம் ஒன்று கழற்றிவிட்ட செப்புக்கட்டை, வால் நட்சத்திரத்தின் மேல் மோதப்போகிற நேரம் அது.

மாப்பிள்ளையின் போட்டோ, பிரிக்காத கவருக்குள் டிவி மேல் கிடந்தது.

முதலில் வந்த மாப்பிள்ளை, "வால் நட்சத்திரம் சோறு போடுமா?" என்று சிரித்தான். இரண்டாமவன் செல்போனிலிருந்து தலையே தூக்கவில்லை. இரண்டு பேரையும் வேண்டாமென்றுவிட்டாள்.

"இதையும் வேணாம்னுடாதடி. அப்பா தெருவுல தலைகாட்ட முடியாது," என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா அமிர்தம், அப்பாவையும் அழைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்கப் போயிருந்தாள்.

கொல்லைப்பக்கம் குரல் கேட்டது.

"ஏங்க, வேன் சூடாயிடுச்சு. ஒரு கொடம் தண்ணி கெடைக்குமா?"

மடித்துவிட்ட சட்டைக்கை, விரலில் சாவி. டிரைவர்தானே என்று உள்ளே வரச் சொன்னாள்.

அவன் கண் திரைக்குப் போனது. "மோதிடுச்சா?"

சிந்துஜா திரும்பிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம்."

"எமகண்டத்துல போயி மோத வுடுறாங்க பாருங்க. எங்க ஆளுங்க வாசப்படி மிதிக்கவே பயப்படுறாங்க. அது பாட்டுக்குப் போயிக்கிட்டிருந்திச்சு, பாவம்."

"வாலை மட்டும் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"அதுவும் சரிதான்," என்றான்.

திரையில் பளீரென்று ஒரு வெளிச்சம். அங்கே விஞ்ஞானிகள் குதித்தார்கள். இங்கே இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் பிளாஸ்க்கிலிருந்த காபியை அவனுக்கு ஊற்றினாள்.

"சக்கரை போட்டுடாதீங்க," என்றான்.

காபியைக் குடித்தான். தண்ணீர்க் குடத்தை மறந்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டு அடித்ததும் கூடம் நிரம்பியது. தலையைக் குனிந்தபடி காபித் தட்டோடு வந்த சிந்துஜா, மாப்பிள்ளையின் எதிரே வந்ததும் நிமிர்ந்தாள்.

தட்டோடு சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுப்பராயலு தரையைப் பார்த்தார்.

சிந்துஜா திரும்பி வந்தாள். தட்டில் புதிதாக ஒரு டம்ளர். அதை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இது சக்கரை போடாதது."

மாப்பிள்ளையின் அம்மா தில்லையம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். "எம்புள்ள சக்கரை போட்டுக்க மாட்டான்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

மாப்பிள்ளை சுரேந்தர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டிருந்தான். சாவி மட்டும் இன்னும் விரலில்தான் இருந்தது.

சுப்பராயலு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெற்றிலைப் பாக்குத் தட்டை எடுத்துவர எழுந்தார்.