நூற்றுத் தொண்ணூற்றிரண்டு
அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் முன்னால் மருந்து விழுங்கிய தன் அம்மாவைப் போல, கலாதேவியும் இன்று காலையில் தாதியின் கண்ணெதிரே ஐந்து இரத்த அழுத்த மாத்திரைகளை விழுங்கி, வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள். ஈப்போ மருத்துவமனையின் சன்னல் வெயில் இப்போது மேசைமேல் ஏறிவிட்டது. கையில் சுற்றிய பட்டை இறுகி, உஸ்ஸென்று தளர்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. “எறங்கவே இல்லியே லா,” என்று கணவன் தனேஸ்வரன் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான். அவளோ வழக்கில் வென்றவளைப் போல நிமிர்ந்து உட்காருகிறாள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளைச் சுட்டால் அழுத்தம் இறங்கலாம் என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டுகிறார். “சுடுங்க டாக்டர், எனக்குப் பயமில்ல.” கிளினிக் புத்தகத்தை அவர் முன்னால் தள்ளுகிறாள். “ஆனா, மருந்து ஒழுங்கா சாப்பிடறதில்லன்னு மூணு வருசமா எழுதி வச்சிருக்கீங்க. மொதல்ல அந்த வரிய கோடு போட்டு அடிங்க.” பேனாவின் மூடியைக் கழற்றி அவளே நீட்டுகிறாள்.