டவர் இல்லாத காடு

“போனே எடுக்காதா?” என்று கேட்கும்போதே அவளுக்குக் குரல் நடுங்கியது.

“எடுக்காதும்மா” என்றார் டிராவல்ஸ்காரர். “இது எக்கோ டூர். காட்டுக்கு நம்மளால ஒரு தொந்தரவும் வரக்கூடாது. கரண்ட் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, டவரும் கிடையாது. படகுல கொண்டுபோய் இறக்கி விட்டுட்டா, அடுத்த வாரம் அதே படகு வந்தாத்தான் வெளியே வரலாம்.”

“நடுவுல வரவே முடியாதா?”

“றெக்கை இருந்தா வரலாம்.”

கணவன் கடகடவென்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மழைக்காட்டுப் படத்தையே வெறித்தாள். மடியிலிருந்த பாப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“சரியான பயந்தாங்கொள்ளி சார் இவ. சின்னக் குழந்தைங்களைச் சேக்க மாட்டீங்கன்னுட்டு ஆபீஸ் ஆளுங்களோட போறேன். என்னமோ என்னை மலைப்பாம்புக்கு நேந்து விட்ட மாதிரி முழிக்கிறா!”

பயம் இருக்காதா பின்னே? கல்யாணமான நாளிலிருந்து அவளை விட்டு அவன் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. ஆபீஸிலிருந்து மணிக்கொரு தரம் வீடியோ கால் போட்டு, எந்த அறையில் இருக்கிறாள், பக்கத்தில் யார் என்று திருப்பிக் காட்டச் சொல்லுவான். தெருமுனைக் கடைக்கும் கூடவே வருவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் “கொடுத்து வச்சவ” என்று பெருமூச்சு விடுவார்கள்.

கணவன் திடீரென்று சிரிப்பை நிறுத்தினான். “ஆமா, உன் மூஞ்சியப் பாக்காம ஒரு வாரம் எப்படி இருக்கறது? இந்த டூரை விட்டுடலாமா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ, எனக்காக விடாதீங்க. எவ்வளவு நாளா ஆசைப்படறீங்க...”

டிராவல்ஸ்காரருக்கு மனசு இளகிவிட்டது. அலமாரியைத் திறந்து, செங்கல் கனத்துக்கு ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். “சாட்டிலைட் போன். எந்தக் காட்டுல இருந்தும் பேசலாம். அம்மாவுக்காக வாடகை வாங்காமத் தரேன். சார் மணிக்கொரு தடவை பேசட்டும்.”

கணவன் அதைக் கையிலெடுத்து ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

“எடுத்துட்டுப் போங்க. கூட வர்றவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பொண்டாட்டி போன் கட்டி அனுப்பிச்சிருக்கான்னு தானே சொல்வாங்க? பரவாயில்ல.”

அவன் முகம் கறுத்தது. போனை டக்கென்று மேஜையில் வைத்தான். “என்னைப் பாத்து எவன் சிரிப்பான்? இந்த எழவெல்லாம் வேணாம் சார். நீங்க டிக்கெட்டைப் போடுங்க.”

விசாவுக்குப் போட்டோ எடுக்கப் பக்கத்துக் கடைக்குக் கிளம்பினான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

டிராவல்ஸ்காரர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். கை உதறியதில் பாதித் தண்ணீர் மேஜையில் கொட்டியது. பாப்பா மட்டும் வந்ததிலிருந்து மூச்சுக் காட்டவில்லை.

“எதுக்கும்மா இப்படி நடுங்கறீங்க? ஒரே வாரம். சார் முழுசாத் திரும்பி வந்துடுவார்.”

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அதுக்குள்ள பாப்பாவைத் தூக்கிட்டு நான் கண்காணாம போயிடணும் சார்.”