மயக்க மருந்துக்கு முன்

"உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டார் மயக்க மருந்து டாக்டரம்மா. மகளின் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பர் நிமிர்ந்தார்.

"எங்க வம்சத்துல ஆஸ்பத்திரிப் படி மிதிச்சவங்களே கிடையாதும்மா."

"வம்சப் பெருமைய ஆரம்பிச்சிட்டாரு. பித்தப்பைக் கல்லும் அந்தச் சொத்துதானோ?" என்று சிரித்தார் சம்பந்தி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சில குடும்பத்துல பரம்பரையா வர்ற கோளாறு இது. மருந்து உள்ள போனதும் தசை விறைச்சு, தாடை பூட்டிக்கும். உடம்பு அனலாக் கொதிக்கும். உயிருக்கே ஆபத்து. முன்னாலயே தெரிஞ்சா வேற மருந்து கொடுத்துடுவோம்."

பல வருடங்களுக்கு முன் ஆவுடையப்பர் தன் கல்யாணமாகாத தங்கை செண்பகத்தைக் கருக்கலைக்க அழைத்துப் போய், மயக்க மருந்து கொடுத்த பின் உயிர் ஊசலாடத் தூக்கி வந்தபோது, அவள் உடம்பு அப்படித்தான் கொதித்தது. கடைசிப் பால் பல்லைத் தாண்டி இறங்கவில்லை. விஷக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஆவுடையப்பர் கம்பியை விடவில்லை.

"விடுங்கப்பா. ஒண்ணும் ஆகாது" என்றாள் மகள்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு தங்கச்சி..."

"தங்கச்சியா?" என்றார் சம்பந்தி. "உங்களுக்கா?"