சிஞ்ஞோரா தந்த கோட்டு

மாப்பிள்ளை ஆனந்தராசாவின் முகத்தைவிட அவன் போட்டிருந்த கறுப்புக் கோட்டைத்தான் பத்மநாதன் கூடுதலாகப் பார்த்தார். கொலரைத் தடவினார், கையைத் திருப்பி முழங்கையைப் பார்த்தார்.

"நல்ல கம்பளி. மூண்டாவது பொத்தான் மட்டும் மண்ணிறம். எங்கை எடுத்தனீர்?"

"லிபெர்த்தா வீதியிலை நான் வேலை செய்யிற வீட்டு அம்மா, சிஞ்ஞோரா செலஸ்ரீனா தந்தவ, அண்ணை. அவவின்ரை பாட்டன்ரையாம். கன வருஷம் போட்டவராம், ஆனால் முழங்கை தேயவே இல்லை."

"ஒழுங்கான மனிசன் போலை. கற்பூரம் மணக்குது?"

"சாமிப் படத்துக்குப் பக்கத்திலைதான் கொழுவி வைச்சிருக்கிறன்."

பத்மநாதன் மெச்சுகிறமாதிரித் தலையாட்டினார். ஆனந்தராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வராமல் என்ன செய்யும்? தன் தங்கை சயந்தினிக்கு இந்தப் பெடியன் சரிவருவானா என்று பார்க்கத்தான் பத்மநாதன் ஜெர்மனியிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்திருந்தார். படத்தில் பார்த்த நாளிலிருந்து ஆனந்தராசாவுக்குச் சயந்தினியின் நினைப்புத்தான். இவர் ஓம் என்றால் கலியாணம், முகம் சுளித்தால் எல்லாம் போச்சு.

வந்த மனிதர் கடலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கோ கப்புச்சின் மடத்து நிலவறையைத்தான் பார்க்கவேணும். ஆயிரக்கணக்கான பிரேதங்கள் உடுத்த உடுப்போடு சுவரோரம் நிற்கிற இடம் அது. அதேநேரம் ஆசாரத்தில் மனிதர் நெருப்பு.

"செத்தவீட்டுக்குப் போனால் தலை முழுகாமல் பச்சைத் தண்ணியும் குடியன்" என்றார் மடத்து வாசலில். "செத்த ஆளின்ரை பொருளெண்டால் விரலும் படவிடன். எங்கடை குடும்பத்துக்கை வாறவரும் அப்பிடித்தான் இருக்கோணும், தம்பி."

"நானும் அப்பிடித்தான், அண்ணை."

படி இறங்கியதும் குளிர் பிடித்துக்கொண்டது. வெளியே வெயிலை நம்பி மெல்லிய சேட்டோடு வந்த பத்மநாதனுக்குப் பல்லுக் கிட்டியது. ஆனந்தராசா உடனே கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டான். எதிலும் தொட்டுவிடக் கூடாதென்று அவர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உடுப்புகள் இன்னும் உக்கேல்லையே?"

"சில குடும்பங்கள் நவம்பரிலை செத்தவையின்ரை நாளுக்கு வந்து, கையைப் பிடிச்சுக் கதைச்சு, புது உடுப்பு மாத்திவிடுறவை, அண்ணை."

"அப்ப பழசை என்ன செய்வினம்?"

"அது எனக்குத் தெரியாது."

மூலையில் கதிரை போட்டு இருந்த காவலாளி கிறிகோரி எழும்பி வந்தான். பத்மநாதனின் நெஞ்சருகே குனிந்து அந்த மண்ணிறப் பொத்தானைப் பிடித்துப் பார்த்தான். பிறகு, புதுச் சாம்பல்நிறக் கோட்டோடு நின்ற ஒரு பிரேதத்தைக் காட்டி ஆனந்தராசாவிடம் இத்தாலிய மொழியில் சொன்னான்.

"அதுதான் சிஞ்ஞோரா செலஸ்ரீனாவின் பாட்டன். போன நவம்பர் வரைக்கும் இந்தக் கோட்டு அவர் மேலேதான் இருந்தது. இந்தப் பொத்தானைத் தைத்தவனே நான்தான்."

சயந்தினி ஒருமுறை ஆனந்தராசாவின் கண்ணுக்கு முன்னால் வந்து, திரும்பிப் போனாள்.

இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத பத்மநாதன், கோட்டை இன்னும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"என்னவாம், தம்பி?"

"உங்களுக்கெண்டே தைச்ச மாதிரிக் கிடக்காம், அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ."